சிட்னியில் ஏசி வாங்கும் முன்: அந்தக் கிலோவாட் கரண்ட் கணக்கு அல்ல

ஆஸ்திரேலியா என்றால் குளிர் நாடு என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் நம்பாதீர்கள். நம் ஆட்கள் அதிகம் குடியிருக்கும் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், டூங்காபி எல்லாம் கடலை விட்டுத் தள்ளி மேற்கே இருப்பவை. கடல் காற்று அங்கே அவ்வளவாக வந்து சேராது. இன்னும் மேற்கே பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது. ஏசி இல்லாமல் முடியாது.

நடைமுறைகள் சுருக்கமாக: வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அடுக்குமாடியென்றால் ஸ்ட்ராட்டாவையும், அதாவது அந்தக் கட்டட உரிமையாளர்கள் சங்கத்தையும், கேட்க வேண்டும். பொருத்த வருபவரிடம் ஏசிக்குள் இருக்கும் குளிரூட்டும் கேஸைக் கையாளும் ஆர்க்டிக் (ARCtick) உரிமமும் மின்வேலைக்கான உரிமமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடும் வழக்கம் இங்கே செல்லாது.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன்.

ஊரில் நாம் ஏசியை டன்னில் வாங்குவோம். இலங்கையிலிருந்து வந்தவர்கள் 12,000, 18,000 என்று பிடியூவில் (BTU, வெப்பத்துக்கான பழைய பிரிட்டிஷ் அளவு) சொல்வார்கள். இங்கே எல்லாமே கிலோவாட். கிலோவாட் என்றதும் நமக்கு மீட்டர்தான் ஞாபகம் வரும். திருச்சி வீட்டில் எங்கள் ஒன்றரை டன் ஏசி முழு மூச்சில் ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட் போல இழுக்கும், அதாவது 1.5 கிலோவாட். இந்தக் கணக்கோடு கடைக்குப் போனவன் 2.5 கிலோவாட் ஏசியைப் பார்த்ததும், ஊரில் இருப்பதைவிடப் பெரியது, ஹாலுக்குத் தாராளம் என்று முடிவு செய்துவிட்டேன். "ஒன்றரை டன்னுக்கு மேலேதானே?" என்று விற்பனையாளரிடம் கேட்கவும் செய்தேன். அவருக்கு டன் கணக்கே தெரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் கிலோவாட், ஏசி இழுக்கும் கரண்ட் அல்ல. அறையிலிருந்து அது வெளியே தள்ளும் வெப்பம். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட், பிடியூவில் மணிக்கு 12,000. அந்தக் காலத்தில் ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தை வைத்து வந்த அளவு இது. ஆக, ஊர் ஒன்றரை டன்னுக்கு இங்கே 5.3 கிலோவாட் தேட வேண்டும். நான் வாங்கிய 2.5, முக்கால் டன்கூட இல்லை. பிடியூவில் யோசிப்பவர்கள் 3,412 ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பது தனி எண், விவரத்தாளில் 'இன்புட்' என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

அந்த ஜனவரியில்தான் அம்மா முதல்முறையாக வந்திருந்தார்கள். சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்த வீடு, மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி. மதியம் மூன்று மணிக்கு ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை 31 டிகிரியை விட்டு இறங்காது. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "திருச்சியிலே கூட இப்படி வேகலியேப்பா" என்றார்கள். ஆசையாக அழைத்து வந்தவனுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! மாட்டிய ஏசியைக் கடை திரும்ப எடுக்கவில்லை. பழுதில்லையே என்றார்கள்.

இங்கே சொல்லும் தோராயக் கணக்கு, சதுர மீட்டருக்கு 125 முதல் 150 வாட். சதுர அடியை 10.76 ஆல் வகுத்தால் சதுர மீட்டர். எங்கள் ஹால் 380 சதுர அடி, அதாவது 35 சதுர மீட்டர். கேட்பது ஐந்து கிலோவாட்டுக்குக் கிட்டே. மேற்கு வெயில், உயரமான கூரை இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். கடைசியில் 6 கிலோவாட் வாங்கினேன்.

ஜூன், ஜூலை குளிருக்கும் இதே கவனம் வேண்டும். சாதாரண பிளக்கில் போடும் ஹீட்டர் 2.4 கிலோவாட் கரண்ட் இழுத்து 2.4 கிலோவாட் சூடுதான் தரும். ரிவர்ஸ் சைக்கிள் ஏசி வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுவதால், அதைவிடக் குறைந்த கரண்டில் இரண்டு மடங்குக்கு மேல் சூடு தரும். சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் தனித்தனி எண் இருக்கும், இரண்டையும் பாருங்கள். கேஸ் ஹீட்டரில் மணிக்கு இத்தனை மெகாஜூல் என்று போட்டிருப்பார்கள். 3.6 ஆல் வகுத்தால் கிலோவாட். ஆனால் 25 மெகாஜூல் என்றால் அது எரிக்கும் கேஸின் அளவு. புகைபோக்கி வைத்த ஹீட்டரென்றால் அதில் ஒரு பங்கு அதன் வழியாகப் போய்விடும், மிச்சம்தான் அறைக்கு.

பழைய 2.5-ஐ உரிமம் உள்ளவரை வைத்துக் கழற்றி, அம்மா வந்தால் தங்கும் சின்ன அறையில் மாட்டியிருக்கிறேன். 12 சதுர மீட்டர் அறை, அதற்கு அது தாராளம். போன முறை வந்தபோது இரவில் போர்வை கேட்டார்கள்.