புளுகாட்டம் நடத்தும் முறை: ஏற்காடு ராத்திரிக்கு ஒரு சீட்டுக்கட்டு போதும்

புளுகாட்டம் பாதியில் படுத்துவிடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: விட்ட புளுகை யாரும் தட்டிக் கேட்பதில்லை. பொய் சொல்ல எல்லோருக்கும் வரும். எதிரே இருப்பவரைக் கேட்கத்தான் கூச்சம். சேலத்திலிருந்து எட்டுப் பேர் கிளம்பி ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்துத் தங்கினால், அதில் ஒரு மாமா இருப்பார், ஒரு புது மாப்பிள்ளை இருப்பார். அவர்களைப் பார்த்து “பொய் சொல்றீங்க” என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. ஆகவே ‘பொய்’ என்ற சொல்லையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் “காட்டுங்க மாமா”, அவ்வளவுதான். மரியாதையும் போகாது, ஆட்டமும் நிற்காது.

நான்கிலிருந்து ஆறு பேர் என்றால் ‘கூ’ ஆடலாம். 2012இல் வந்த ஆட்டம். பெட்டி இல்லாமலே ஆடிவிடலாம். சாதாரணச் சீட்டுக்கட்டில் ஏஸ், கிங், குயின், ஜாக்கி, பத்து ஆகியவற்றை எடுத்து, அவற்றில் ஸ்பேடு சீட்டுகள் ஐந்தையும் ஒதுக்கிவிட்டால் வகைக்கு மூன்றாக 15 சீட்டு மிஞ்சும். காசுக்கு ஐம்பது புளியங்கொட்டை. (நிஜப் பணம் வேண்டாம். பணம் வந்ததும் புளுகில் இருக்கும் சிரிப்பு போய்விடும்.) ஆளுக்கு இரண்டு சீட்டு, இரண்டு கொட்டை. மீதிச் சீட்டுகளை நடுவில் கவிழ்த்து வையுங்கள். கையில் இருக்கும் இரண்டு சீட்டும்தான் உயிர். இரண்டும் போனால் ஆள் அவுட்.

முறை வரும்போது ஒன்றே ஒன்று செய்யலாம். சீட்டே தேவைப்படாத வேலைகள் மூன்று: ஒரு கொட்டை எடுப்பது, இரண்டு எடுப்பது (யாராவது “என்னிடம் கிங் இருக்கு” என்றால் இது தடைபடும்), ஏழு கொடுத்து ஒருவரின் ஒரு சீட்டைத் தூக்குவது. இந்தக் கடைசியை யாராலும் தடுக்க முடியாது. கையில் பத்து சேர்ந்துவிட்டால் அதைச் செய்தே ஆக வேண்டும்.

மற்றதெல்லாம் சீட்டின் பேரைச் சொல்லிச் செய்வது. அது கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. கிங் என்றால் மூன்று கொட்டை எடுக்கலாம். ஏஸ் என்றால் மூன்று கட்டி ஒருவரின் சீட்டை வீழ்த்தலாம். குயின் அதைத் தடுக்கும். ஜாக்கி அடுத்தவரிடமிருந்து இரண்டு கொட்டையைப் பிடுங்கும்; இன்னொரு ஜாக்கியோ பத்தோ இருந்தால் பிடுங்க முடியாது. பத்து என்றால் நடுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டு எடுத்துப் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிப் போடலாம்.

“காட்டுங்க” என்று கேட்டபின் சீட்டு இருந்தால், கேட்டவர் ஒரு சீட்டை இழப்பார். காட்டியவர் அந்தச் சீட்டை நடுக்கட்டில் சேர்த்துக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். சீட்டு இல்லையென்றால் புளுகியவருக்கு ஒன்று போகும். தகராறு வருவதெல்லாம் இங்கேதான். காட்டிய சீட்டைக் கலைக்காமல் கையிலேயே வைத்துக்கொள்வார்கள். பிறகு அவர் கையில் கிங் இருப்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஏஸுக்குக் கட்டிய மூன்று கொட்டையிலும் குழப்பம் வரும்: ஏஸ் புளுகு என்று பிடிபட்டால் கொட்டை திரும்பி வரும், குயின் தடுத்தால் வராது. இல்லாத குயினைச் சொல்லித் தடுக்கப் பார்த்து மாட்டினால் புளுகுக்கு ஒன்று, ஏஸ் வீழ்த்தியதற்கு ஒன்று என இரண்டு சீட்டும் ஒரே மூச்சில் போகும். ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மாட்டியவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார்.

எப்போது கேட்பது? கணக்கு எளிது. ஆரம்பத்தில் உங்கள் கையில் கிங்கே இல்லையென்றால், எதிராளியிடம் ஒரு கிங்காவது இருக்க 42 சதவீதம் வாய்ப்பு. உங்களிடம் ஒன்று இருந்தால் 29, இரண்டு இருந்தால் 15. இரண்டு கிங்கை வைத்துக்கொண்டும் கேட்காமல் இருப்பவர் ஆட்டத்துக்கே துரோகம் செய்கிறார். ஆனாலும் ஆறு பேர் மேஜையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. தோற்றால் பாதி உயிர் கேட்டவருக்கு மட்டும் போகிறது. ஜெயித்தால் லாபம் எல்லோருக்கும். வேறு யாராவது கேட்கட்டும் என்று ஆறு பேரும் இருந்துவிடுவார்கள். அதனால் புதியவர்கள் இருந்தால் நான்கு பேராக ஆடிப் பழகுங்கள். சீட்டின் பேரைச் சொன்னவர் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் கொட்டையைத் தொட வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நினைப்பவருக்கு அந்த இடைவெளி வேண்டும்.

புளுகத் தெரியாது என்பவருக்கு ஒரு வழி. சீட்டு கைக்கு வந்ததும் ஒரு தடவை பார்த்து, மனப்பாடம் செய்து, கவிழ்த்து வைத்துவிடச் சொல்லுங்கள். இருக்கிற சீட்டைச் சொல்பவர் மறுபடி பார்ப்பதில்லை. இல்லாததைச் சொல்லப் போகிறவர்தான் இன்னொரு தடவை எட்டிப் பார்ப்பார்.

எட்டுப் பேரும் சேர்ந்து ஆட ‘ரெசிஸ்டன்ஸ்’ சரி. ஐந்து சிவப்பு, மூன்று கறுப்புச் சீட்டைக் கலைத்து ஆளுக்கொன்று கொடுங்கள். கறுப்பு வந்தவர்கள் ஒற்றர்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டே இருக்க, ஒற்றர்கள் மட்டும் கண் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தட்டாவிட்டால் நாற்காலிச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஐந்து பணிகள். தலைவர் முறையே 3, 4, 4, 5, 5 பேரைத் தேர்ந்தெடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டைவிரலைத் தூக்கியோ கவிழ்த்தோ ஓட்டுப் போடுவார்கள். பாதிக்கு மேல் சம்மதம் வேண்டும். சரிபாதி என்றால் தோல்விதான். ஓட்டில் தோற்றால் தலைமை அடுத்தவருக்குப் போகும். ஒரே பணிக்குத் தொடர்ந்து ஐந்து குழு நிராகரிக்கப்பட்டால் ஒற்றர்கள் ஜெயித்துவிடுவார்கள். பணிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் கொடுத்தால், ஒன்றைக் கவிழ்த்துப் போடுவார்கள். நல்லவர் சிவப்புதான் போட வேண்டும். ஒரு கறுப்பு விழுந்தாலே பணி தோற்கும்; நான்காவதற்கு மட்டும் இரண்டு கறுப்பு தேவை. மூன்று பணி யாருக்கோ அவர்களுக்கே ஆட்டம். விவரமான ஒற்றன் முதல் பணியில் சிவப்பே போடுவான். அப்போதே கறுப்பு போட்டால் மூன்று பேர் மீது கறை விழும், அதில் ஒருவன் அவன்.

இந்த ஆட்டத்துக்கு எமன் தட்டுவடை செட். பீட்ரூட்டும் சட்னியும் பட்ட விரல் ஒரு சீட்டைத் தொட்டால் போதும், எந்தச் சீட்டு யார் போட்டது என்று தெரிந்துவிடும். தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள். மலையில் பனிமூட்டம் இறங்கினால் காகிதச் சீட்டு ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் சீட்டு எடுத்துப் போங்கள். கரண்ட் போனால் செல்போன் டார்ச்சைச் சீட்டுக்குப் பின்னால் பிடிக்க வேண்டாம், மெல்லிய சீட்டில் உள்ளே இருப்பது தெரியும்.

ஆளுக்கு ஐந்து தாயக்கட்டை (டிரேட், லூடோ பெட்டிகளில் இருக்கும் ஆறுமுகக் கட்டைகள்) சேர்க்க முடிந்தால் பகடைப் புளுகும் ஆடலாம். எவர்சில்வர் டம்ளரில் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும். கீழே ஒரு துண்டை விரியுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து அறையிலிருந்து ஆள் வருவார். “எட்டு நாலு” என்றால் எல்லா டம்ளரிலும் சேர்த்துக் குறைந்தது எட்டுக் கட்டையில் நாலு விழுந்திருக்கிறது என்று பொருள். ஒன்று எதற்கும் பொருந்தும் என்று ஆடினால், மற்றவர்களின் கட்டைகளை மூன்றால் வகுத்து உங்களுடையதைக் கூட்டுங்கள். மற்றவர்களிடம் 20, உங்களிடம் இரண்டு நாலு என்றால் எட்டு வரை நம்பலாம்.

பேர ஆட்டங்களில் சண்டை ஒரே இடத்தில்தான் வரும்: கொடுத்த வாக்கு செல்லுமா? கைமேல் மாற்றிக்கொள்வது செல்லும், “அடுத்த முறை தருகிறேன்” என்பது செல்லாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சரக்குச் சீட்டுகளை மாற்றிக்கொள்ளும் பலகை ஆட்டமான ‘கட்டான்’ ஆடும்போது யாருடைய முறையோ அவரோடுதான் பேரம்; மற்றவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக் கூடாது, சும்மா தூக்கிக் கொடுக்கவும் கூடாது. புருஷன் பெண்டாட்டி எதிரெதிரே ஆடும்போது இந்த இரண்டாவதைக் கறாராகப் பாருங்கள்.

ஐரோப்பிய வரைபடத்தில் படை நகர்த்தி இடம் பிடிக்கும் ‘டிப்ளமசி’ வேறு ரகம். 1959இல் வெளிவந்தது, பகடையே கிடையாது, எந்த வாக்கும் செல்லாது. ஏழு நாடுகள், 34 மையங்கள், 18 பிடித்தவர் ஜெயிப்பார். தனித்தனியாகப் போய்க் குசுகுசுக்க இடம் வேண்டும் என்பதால் வராந்தாவும் தோட்டமும் உள்ள மலை வீடு இதற்கு வாய்ப்பு. உத்தரவுகளைத் தாளில் எழுதி ஒன்றாகத் திறக்க வேண்டும். பேச்சுக்கு 15 நிமிடம், அலாரம் வைத்து. ஒரு நாள் முழுக்க இழுக்கும், ஆகவே இறங்கும் நாளில் ஆரம்பிக்காதீர்கள். இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்ட வேண்டி வரும், அதுவும் உங்களை முதுகில் குத்தியவர் ஓட்டும் காரில். ஆறு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் இத்தாலியை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். அதன் படைகள் இருந்த இடத்திலேயே நிற்கும்.