பெரிய கார் புக் பண்ணும் முன்: சென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பெரிய கார் வாங்குகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால் முதலில் வருவது மழைதான். 2015 வெள்ளத்தையும் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கிரவுண்ட் கிளியரன்ஸை, அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியை, மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது மேடு பள்ளத்தில் அடி தட்டாமல் இருக்கத்தான் உதவும். வெள்ளத்தில் முக்கியமானது, இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அது வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, மேலே வருகிற பிஸ்டன் முட்டிக்கொண்டு அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். நீங்கள் மெதுவாகப் போனாலும், எதிரே வரும் பஸ் கிளப்பும் அலை பானெட் மேல் ஏறிவிடும். நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவது இன்னும் பெரிய தவறு. சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் இந்தச் செலவு கிடைக்காது, இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதுதான் சரியான புத்தி. சின்ன கார், பெரிய கார் எல்லாவற்றுக்கும் அதே வழிதான்.

அடுத்து, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் என்ன செய்வது என்று ஏழு சீட் வாங்குவது. கடைசி வரிசைக்கு வயதானவர்கள் குனிந்து, சீட்டை மடக்கி ஏற வேண்டும். ஏழு பேரும் உட்கார்ந்தபின் பல வண்டிகளில் டிக்கியில் நாலு பை வைக்க இடம் இருக்காது. வருடத்தில் சில நாட்கள்தான் என்றால் டிரைவரோடு ஒரு இன்னோவா வாடகைக்கு எடுங்கள். தினமும் ஆறு பேர் போகிற வீடு என்றால் தாராளமாக வாங்கலாம், அது தேவை.

பெரிய வண்டி என்றாலே பாதுகாப்பு என்பதும் சரியில்லை. நாலு மீட்டருக்குள் அடங்கும் டாடா நெக்ஸான் 2018-லேயே குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அளவைப் பார்க்காமல் நட்சத்திரத்தைப் பாருங்கள், பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். வரியையும் கணக்கில் எடுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40.

அப்புறம் பார்க்கிங். டொயோட்டா ஃபார்ச்சூனரின் அகலம் 1855 மில்லிமீட்டர், பக்கக் கண்ணாடிகள் தனி. மாம்பலத்துப் பழைய அடுக்குமாடியில் இரண்டு தூணுக்கு நடுவே அதை நுழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டெஸ்ட் டிரைவ் வண்டியை ஓஎம்ஆரில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள், உங்கள் வீட்டுப் பார்க்கிங்கில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்க முடிகிறதா என்று பாருங்கள்.