திருவிழா மேளத்தில இருந்து தொடங்குங்கோ: வன்னியில இருந்து சங்கீதம் கேக்கிறது எப்பிடி

கர்நாடக சங்கீதம் எண்டா அது யாழ்ப்பாணத்துப் படிச்ச ஆக்களுக்கும் மெட்ராஸ் சபாக்காரருக்கும் தான் எண்டு எங்கட பக்கம் ஒரு நினைப்பு இருக்கு. ஆனா ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் திருவிழாவில நாயனம் கேட்டு வளர்ந்த ஆளுக்குப் பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சுது, காது பழகிட்டுது, பேர் தான் தெரியாது.

சுவாமி வெளிக்கிடேக்க சொல்லே இல்லாம கம்பீரமா ஒண்டு வாசிப்பினமெல்லோ, அது மல்லாரி, ராகம் கம்பீரநாட்டை. அடுத்த முறை கூட்டத்துக்க இடிபடாம மேளகாரருக்குக் கிட்ட போய் நிண்டு தவில்காரரின்ர கையைப் பாருங்கோ, ஒரு பக்கம் விரல்ல கூடு போட்ட கை, மற்றப் பக்கம் கழி, ரெண்டும் வேற வேற கதை சொல்லும், ஆனா தாளம் போடுற ஆளின்ர தட்டில வந்து சேரும். இரவில மேளச்சமா, அதாவது நாயனம் தவில் கச்சேரி எண்டா முன்னுக்கு இருக்கிற அப்புமாரோட போய் இருங்கோ, அவை தலையாட்டுற இடத்தைக் கவனிச்சாலே கனக்க விளங்கும்.

வீட்டில கேக்கிறதுக்கு ஒரு ராகத்தைப் பிடிச்சுக்கொண்டு அதிலயே நில்லுங்கோ. 1962 இல வந்த கொஞ்சும் சலங்கை படத்தில எஸ். ஜானகி பாட காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசிச்ச 'சிங்காரவேலனே தேவா' இருக்கெல்லோ, அது ஆபேரி. அதைக் கேட்ட சூட்டோட தியாகராஜரின்ர 'நகுமோமு' கேளுங்கோ, பிறகு அதையே வேற ஆள் பாடினது, பிறகு வயலின்ல. ஒரு கிழமை ஆபேரியை விட்டு அரக்காதேங்கோ. யூடியூப்பில ஓட்டோபிளேயை நிப்பாட்டி வையுங்கோ, இல்லாட்டி மூண்டாவது பாட்டில அது உங்களை எங்கயோ கொண்டு போய் விட்டிடும். பிறகு மோகனம், ஹிந்தோளம். நாயனக்காரர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின்ர தோடி ராகத்தைக் கொஞ்சம் பிந்திக் கேளுங்கோ, அது ஆறுதலா இருந்து கேக்க வேண்டிய சாமான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைக்குப் படிக்குதெண்டா ராகம் பிடிபடாட்டி அதிட்டயே கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

ரேடியோவை மறந்திடாதேங்கோ, கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்திக் கேட்ட சனமெல்லோ நாங்கள். மத்திய அலையில திருச்சி வானொலி 936 கிலோஹேர்ட்ஸ். பொழுதுபட்டாப் பிறகு தூரத்து நிலையங்கள் நல்லாப் பிடிக்கும், பகல்ல வானத்தில அலையை உறிஞ்சிற படலம் இரவில இல்லாமப் போறது தான் காரணம். இரைச்சல் எண்டா போன் சார்ஜரையும் எல்ஈடி பல்பையும் நிப்பாட்டிப் போட்டு செற்றை மெல்லமாத் திருப்பிப் பாருங்கோ, ஏரியல் குச்சியை இழுத்துப் பிரியோசனமில்லை, மத்திய அலைக்கு ஏரியல் உள்ளுக்குக் கிடக்கு. போன்ல எண்டா ஆகாசவாணியின்ர 'ராகம்' சேவை, 2016 இல தொடங்கினது, முழுநேரமும் சாஸ்திரிய சங்கீதம் தான், ஹிந்துஸ்தானியும் வரும்.

தாளத்துக்கு ஆதி தாளம் மட்டும் முதல்ல காணும். ஒரு தட்டு, சின்னி விரல்ல இருந்து மூண்டு விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு தட்டு வீச்சு (வீச்சு எண்டா உள்ளங்கையை மேல திருப்பிறது), மொத்தம் எட்டு. தை மாசமளவில திருவையாறில தியாகராஜரின்ர நினைவா நடக்கிற ஆராதனையில பாடுற அவரின்ர பஞ்சரத்தினக் கீர்த்தனை அஞ்சும் ஆதி தாளம் தான், கூட இருந்து போட்டுப் பழக அதைவிட நல்லது இல்லை.

கச்சேரிக்குப் போனா பெரும்பாலும் வர்ணத்தில தொடங்குவினம், நடுவில ஒரு ராகத்தைத் தாளமில்லாம நீட்டி ஆலாபனை பண்ணி கீர்த்தனை, நிரவல் (ஒரு வரியையே மாத்தி மாத்திப் பாடுறது), ஸ்வரம் (ச ரி க ம எண்டு பாடுறது) எண்டு விரிப்பினம், கடைசியில சின்னச் சின்ன உருப்படியள், மங்களம். பெரிய உருப்படி முடிய மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டில்லாம தனிய வாசிக்கிறது, தொடங்கேக்க தான் எங்கட ஆக்கள் தேத்தண்ணிக்கு எழும்புறது. அந்த நேரம் எழும்பாதேங்கோ, கையில ஆதி தாளத்தைப் போட்டுக்கொண்டே இருங்கோ, வேற தாளமெண்டா பாடகரின்ர கையைப் பாத்துப் போடுங்கோ. தனி பிடிக்கத் தொடங்கிட்டுதெண்டா யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின்ர தவில் பதிவுகளைத் தேடி எடுங்கோ, 1975 இல மோசம் போன மனிசன், பழைய ரேப்பில இருந்து ஏத்தினதால இரைச்சல் இருக்கும், இயர்போன் போட்டுக் கேளுங்கோ.