ஆகாய கங்கைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போனால், அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். இங்கே முதலில் இறக்கம், அப்புறம்தான் ஏற்றம். அதனால் போகும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே போவார்கள், திரும்பும்போது அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், சின்னது தூக்கச் சொல்லி அழும், அப்பா எரிந்து விழுவார்.

ஏறும்போது மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். வேகமாக ஓடும் காலேஜ் பையன் கடைசியில் வரட்டும், தண்ணீர்ப் பையும் அம்மாவின் பையும் அவன் தோளில். பின்தங்கிவிட்டோமே என்ற கூச்சம் யாருக்கும் வராது. மூச்சு வாங்க உட்காரும் படியில், வீட்டில் கேட்டால் சொல்லாத பழைய கதையெல்லாம் அம்மா தானாகவே எடுப்பார், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கடலை மிட்டாய் பங்கு போடும் வேலை சின்னவருக்கு. குரங்கு தெரிந்தால் பொட்டலம் பைக்குள்.

முழங்கால் வலி அதிகம் உள்ளவரை வற்புறுத்த வேண்டாம், கோயிலிலேயே இருக்கட்டும். பலத்த மழை என்றால் யாருமே இறங்காதீர்கள்.