கொட்டானோடு கம்போடியாவுக்கு: கைவேலை கற்றுக்கொடுக்கக் கடல் கடப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

செட்டிநாட்டில், காரைக்குடி, கண்டனூர், ஆத்தங்குடி பக்கத்து வீடுகளில் கொட்டான் முடையத் தெரிந்த ஆச்சிமார் இன்றும் இருக்கிறார்கள். பனங்குருத்தைக் கிழித்து, சாயம் ஏற்றி, சதுர அடியும் வட்ட வாயுமாக முடையும் சிறு கூடை அது. கல்யாண வீட்டுப் பலகாரம் அதில்தான் போகும். அவர்களிடம் கற்றுக்கொண்ட இளையவர்கள் சிலர், விடுமுறையில் வெளிநாடு போய் வசதியற்ற குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். லேவாதேவிக்காகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் கப்பல் ஏறிய ஊர்க்காரர்களுக்குப் பயணம் புதிதல்ல. ஆனால் முதல்முறை போகிறவர்கள் டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது ஓலையிலிருந்து.

படி 1: நாட்டைப் பார்க்கும் முன் மரத்தைப் பாருங்கள்

நீங்கள் திரும்பிய பிறகும் அந்தக் குழந்தைகள் முடைய வேண்டுமென்றால், மூலப்பொருள் அவர்கள் ஊரிலேயே கிடைக்க வேண்டும். பெட்டி நிறைய ஓலையைக் கொண்டுபோனால் அது தீரும்வரைதான் வகுப்பு. போதாக்குறைக்கு, காய்ந்த ஓலை என்றாலும் தாவரப் பொருள் என்று பல நாடுகளின் விமான நிலையச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். கம்போடியாவின் தேசிய மரமும் அதுதான். நெல் வயல் வரப்புகளில் நம் ஊரைப் போலவே பனை நிற்கும், பதநீர் இறக்கிக் கருப்பட்டியும் காய்ச்சுவார்கள். அதனால்தான் இந்த விளக்கத்துக்குக் கம்போடியாவை எடுத்துக்கொண்டேன். அங்கேயும் ஓலைப் பின்னல் உண்டு. நாம் கொண்டுபோவது ஒரு புதிய வடிவம், அவ்வளவே. யாழ்ப்பாணத்திலும் பனை இருக்கிறதே என்று கேட்கலாம். பனையோலையில் பெட்டியும் கடகமும் காலங்காலமாக இழைக்கும் ஊர் அது. அங்கே போய்க் கொட்டான் வகுப்பு எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இலங்கை மலையகத்துக்குப் போகிறவர்களுக்கு மொழிச் சிக்கல் கிடையாது. ஆனால் தேயிலை மலையில் பனையைத் தேட முடியாது. கோலமோ காகிதப் பின்னலோ பொருந்தும்.

படி 2: அநாதை இல்லத்தைத் தவிர்த்துவிடுங்கள்

பலருக்கு இது கசக்கும். ‘ஆதரவற்ற குழந்தைகள்’ என்றதும் மனம் அங்கேதான் ஓடுகிறது. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். வெளிநாட்டுத் தன்னார்வலரும் அவர் தரும் பணமும் வரவர, இல்லங்களை நிரப்ப ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள். 2019இல் ஐ.நா. பொதுச்சபையும் தன் தீர்மானத்தில் அநாதை இல்லத் தன்னார்வப் பணியின் தீங்கைக் குறிப்பிட்டது. இரண்டு வாரம் பழகிவிட்டு மறைந்துபோகும் அக்காக்களும் அண்ணன்களும் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் அந்தப் பிள்ளை யாரைத்தான் நம்பும்?

குழந்தைகள் தங்கள் வீட்டிலிருந்து வந்து போகும் இடத்தைத் தேடுங்கள்: கிராமப் பள்ளி, சமுதாயக் கூடம், நூலகம், பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்பு. அமைப்பிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் பின்னணியைச் சரிபார்ப்பீர்களா? வகுப்பில் உங்கள் ஆசிரியர் ஒருவர் எப்போதும் உடனிருப்பாரா? நான் கட்டும் பணம் எதற்கெல்லாம் போகிறது? முதல் கேள்விக்கு ‘அதெல்லாம் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்’ என்று பதில் வந்தால், அந்த இடம் வேண்டாம். உங்களை விசாரிக்காதவர்கள் வேறு யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

படி 3: காகித வேலை

சம்பளம் இல்லாவிட்டாலும் பணி பணிதான். கம்போடியாவில் சுற்றுலாவுக்கு ‘டி’ (T) வகை விசா, பணிக்கு ‘ஈ’ (E) வகை. எது தேவை என்பதை அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னணிச் சரிபார்ப்புக்கான காவல்துறைத் தடையின்மைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு அதைத் தருவதில்லை. எனவே விசாவை முடிவுசெய்த பிறகு இதில் இறங்குங்கள். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால் ஒரு குழப்பம் வரும்: சிவகங்கை மாவட்டத்தார் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ், புதுக்கோட்டை மாவட்டத்தார் திருச்சியின் கீழ். பயணக் காப்பீடு எடுங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் விமானம் மாறலாம்.

படி 4: பேசாமல் கற்றுக்கொடுத்துப் பழகுங்கள்

கம்போடியாவில் பேசும் கெமர் மொழி உங்களுக்குத் தெரியாது. ஆகவே கிளம்புமுன் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேரை வீட்டு வளவில் உட்காரவைத்து, ஒரு சொல்கூடப் பேசாமல் ஒரு பாடம் நடத்திப் பாருங்கள். ‘ஓலையை இழுக்காதே ஆத்தா, நெருக்கு’ என்று ஆச்சி சொல்வதை விரலால் மட்டும் எப்படிக் காட்டுவது? எதிரே உட்கார்ந்தால் பிள்ளைக்கு உங்கள் வலக்கை இடக்கையாகத் தெரியும், பக்கத்தில் உட்காருங்கள். நெடுக்கோலைக்கு ஒரு நிறம், குறுக்கோலைக்கு வேறு நிறம் என்று வைத்தால் பாதி விளக்கம் மிச்சம்.

படி 5: முதல் கொட்டான்

குருத்தோலையை அங்கேயே வாங்கி வெயிலில் உலர்த்தச் சொல்லுங்கள். முற்றிய ஓலை மடக்கினால் முறியும். ஈர்க்கை நீக்கிவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் நீளத்தில் 18 கீற்றுகள் கிழித்துக்கொள்ளுங்கள். முடையும் முன் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் வளைந்துகொடுக்கும்.

ஆறு கீற்றுகளை நெடுக்காக அடுக்குங்கள். மற்ற ஆறைக் குறுக்காக, ஒன்றன் மேல், ஒன்றன் கீழ் என்று நடுப்பகுதியில் கோத்துக்கொண்டே வந்து, விரல் நகத்தால் நெருக்குங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணிகள் வழியே ஒளி ஒழுகக் கூடாது. ஒன்பது சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். அதுதான் அடி. நான்கு மூலையிலும் துணி கிளிப் மாட்டிவிடுங்கள். சின்னக் கைகளுக்கு அது பெரிய உதவி.

இனி நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் 24 நுனிகளையும் மேல்நோக்கி மடக்குங்கள். மீதி ஆறு கீற்றுகள் சுவருக்கு. ஒரு சுற்றுக்கு ஒரு கீற்று. சுற்றி வந்ததும் அதன் முனையைத் தொடங்கிய இடத்தின் மேல் நான்கு கண்ணி தூரம் செருகி மறைக்க வேண்டும். அடுத்த சுற்றில் மேலே போனது கீழே போக வேண்டும். பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: 24 இரட்டைப்படை என்பதால், ஒரே சுருளாகத் தொடர்ந்து சுற்றினால் மேல்-கீழ் மாறாமல் சுவர் பிரிந்து நிற்கும். முதல் இரண்டு சுற்று தொளதொளவென்றுதான் இருக்கும். மூன்றாவதில் கூடை தானாக நிற்கத் தொடங்கும். மேலே போகப் போக மூலைகளை அழுத்தாமல் விட்டால் வாய் வட்டமாகிவிடும். கடைசியில் நுனிகளை உள்ளும் வெளியுமாக மடித்துச் சுவருக்குள் செருகிக் கத்தரியுங்கள்.

எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் கூடை வேண்டாம். அடிச் சதுரத்தோடு நிறுத்தி, ஓரத்தை மடித்தால் டம்ளர் வைக்கும் பாய் ஆகிவிடும். ஒரே அமர்வில் முடியும் பொருள்தான் அவர்களை மறுநாளும் வரவைக்கும்.

படி 6: பெட்டியில் என்ன?

மாதிரிக்கு ஒரு முடிந்த கொட்டான், பாதியில் நிறுத்திய இரண்டு, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல்கள், துணி கிளிப்புகள், சாயப்பொடி. கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காதீர்கள். சாயக் கொதிநீர் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. மிட்டாய், பொம்மை என்று தனித்தனியாகக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை எங்கும் பதிவிடாதீர்கள். கைகளையும் கூடையையும் எடுத்தால் போதும்.

படி 7: வகுப்பைக் கைமாற்றுங்கள்

முதல் நாளிலிருந்தே அந்த ஊர் ஆசிரியரையோ தாய்மார் ஒருவரையோ பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னதாகவே அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கடைசி இரண்டு வகுப்புகளை அவர் நடத்தட்டும், நீங்கள் ஓலை கிழித்துக் கொடுங்கள். அளவுகளையும் படங்களையும் ஒரு தாளில் வரைந்து அவரிடம் விடுங்கள். கெமர் குறிப்புகளை அவரே எழுதிக்கொள்வார். ஊர் திரும்பியதும் பிள்ளைகளோடு நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ளாமல், சந்தேகம் வந்தால் அவர் உங்களைக் காணொளியில் அழைக்க மாதத்தில் ஒரு நேரம் குறித்துவிட்டு வாருங்கள். சாயம் ஏறவில்லை, விளிம்பு பிரிகிறது என்று முதல் அழைப்பு வரும்போது ஆச்சியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.