செட்டியார் பொம்மைக்கு ரப்பர் அச்சு எடுப்பது

கொலு பொம்மைகளில் அச்சு எடுக்கச் சிரமமானது செட்டியார்தான். சம்மணம் போட்ட கால், முன்னால் தள்ளிய தொப்பை, அதன்மேல் மடக்கி வைத்த கை. கெட்டியான பிளாஸ்டர் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அச்சு என்றால் நாலைந்து துண்டாகப் பிரிக்க வேண்டும், துண்டுகள் சேரும் இடமெல்லாம் வார்ப்பில் கோடு விழும். ரப்பர் அச்சோ வளைந்து கொடுத்துக் கழன்று வந்துவிடும். நான் இருப்பது நாகர்கோவிலில். குலசேகரம் பக்கம் போனாலே ரப்பர் தோட்டம்தான் என்பதால் ரப்பர் பாலிலேயே அச்சு செய்து பழகிவிட்டேன்.

தோட்டத்தில் வடிக்கிற பால் அப்படியே உதவாது. அதில் ரப்பர் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்; சில மணி நேரத்தில் திரிந்தும் போகும். அம்மோனியா கலந்து, 60 சதவீதத்துக்குக் கெட்டியாக்கிய பாலைக் கேட்டு வாங்குங்கள். முன்பே வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்திய) பால் கிடைத்தால் அச்சு இன்னும் உறுதியாக வரும். அம்மோனியா கண்ணைக் கரிக்கும், காற்றோட்டமான வராந்தாவில் வேலை செய்யுங்கள்.

மூலப் பொம்மை வண்ணம் பூசாத சுட்ட மண்ணாக இருக்கட்டும். மண் ஈரத்தை உறிஞ்சுவதால் பால் சீக்கிரம் பிடிக்கும். பாட்டி காலத்துப் பொம்மைமேல் பூசினால் அதன் வண்ணம் ரப்பரோடு உரிந்து வரும், அந்தப் பாவம் வேண்டாம். செம்பு, பித்தளைச் சிலைகளும் கூடாது. செம்பு பட்ட ரப்பர் கெட்டுப்போகும். எண்ணெயும் வாசலினும் அதற்கு ஆகாதவை. இன்னொருவர் கையால் உருவான பொம்மையை அச்செடுத்து விற்பதும் நியாயமில்லை. நீங்களே வனைந்ததில் எடுங்கள்.

பொம்மையைத் தரை ஓடு ஒன்றின்மேல் களிமண்ணால் ஒட்டுங்கள். தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தபிறகே பாலில் தொடுங்கள், இல்லாவிட்டால் முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு தூரிகை வீணாகும். முதல் பூச்சு மெல்லிசாக இருக்கட்டும். கண், மீசை, விரலிடுக்கு எல்லாவற்றிலும் குமிழி தெரிந்தால் ஊதி உடையுங்கள். அந்தப் பூச்சில் பதிந்ததுதான் கடைசிவரை பொம்மையில் தெரியும். ஓட்டின்மேலும் சுற்றி மூன்று செ.மீ. அகலத்துக்குப் பூசுங்கள், அது அச்சின் விளிம்பாகும். வெள்ளையாகத் தெரியும்வரை ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். தேன் நிறத்துக்கு மாறினால் அடுத்த பூச்சுக்குத் தயார். எட்டு, பத்து பூச்சில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் சேரும். நடுவில் ஒரு பூச்சுக்குக் காயம் கட்டும் வலைத்துணியைத் துண்டு துண்டாக வைத்துப் பூசினால் அச்சு கிழியாது. எங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும் என்பதால் பங்குனி வெயிலிலேயே தொடங்கிவிடுவேன்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. ரப்பர் மட்டும் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஈரப் பிளாஸ்டரின் பாரத்தில் ரப்பர் தொய்ந்து, செட்டியாரின் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அச்சுக்கு வெளியே ஒரு பிளாஸ்டர் கூடு கட்டாயம் வேண்டும், அதுவும் பொம்மை உள்ளே இருக்கும்போதே. முதலில் கைக்கு அடியில் உள்ள குழி போன்ற இடங்களை ரப்பர் பாலில் சலித்த மரத்தூள் கலந்து நிரவுங்கள், இல்லாவிட்டால் கூடு மாட்டிக்கொள்ளும். அது நன்றாகக் காய்ந்தபிறகு பொம்மையைப் படுக்க வைத்து, பாதி உயரம் வரை களிமண் அணைகட்டி, தேங்காய் நார் சேர்த்த பிளாஸ்டரை இரண்டு செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டு, பிளாஸ்டர் விளிம்பில் இரண்டு மூன்று சிறு குழி தோண்டி, சோப்புக் கரைசல் தடவி மறுபாதியைச் செய்யுங்கள். அந்தக் குழிகளால் இரண்டு பாதியும் ஒவ்வொரு முறையும் நகராமல் பொருந்தும்.

கூட்டைப் பிரித்து, ரப்பரை இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். அப்புறம் வெளிப்புறம் சோப்புத் தண்ணீர் தடவி, காலுறையைக் கழற்றுவதுபோல உருட்டி எடுங்கள். உள்பக்கத்துக்கு உடனே டால்கம் பவுடர் தூவ வேண்டும். புது ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.

வார்க்கும்போது அச்சைக் கூட்டுக்குள் பொருத்தி, கயிற்றால் இறுக்கி, உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டிவிடுங்கள். எடையில் இரண்டு பங்கு தண்ணீருக்கு மூன்று பங்கு பிளாஸ்டர். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, நுரைக்காமல் கலக்குங்கள். கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, தட்டி, பிறகு நிரப்புங்கள். சூடேறி, அந்தச் சூடு அடங்கியபிறகு எடுத்தால் விரல் உடையாது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாயிலேயே இறுகிவிடும். சதுர்த்திக்கு நீரில் கரைக்கும் பிள்ளையாரை மட்டும் பிளாஸ்டரில் செய்யவே கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதலும் அதைத் தடுக்கிறது.

வேலை முடிந்த அச்சைக் கழுவிக் காயவைத்து, பவுடர் தூவி, கூட்டோடு சேர்த்து வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பிளாஸ்டருக்குப் பதில் ரெசினில் (ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) வார்க்க விரும்பினால் ரப்பர் பால் வேண்டாம், சிலிக்கான் ரப்பர் வாங்குங்கள். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், பால் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிலிக்கானை இறுகவைக்கும் ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றாமல் டிஜிட்டல் தராசில் நிறுங்கள். பிளாட்டினம் வகைச் சிலிக்கான் என்றால் ரப்பர் பாலில் செய்த கையுறை அதன் அருகே வரக்கூடாது, பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரெசினை மழை நாளில் ஊற்றாதீர்கள். காற்றின் ஈரத்தில் மேற்பரப்பு மங்கிவிடும்.