ஊருக்குள் வீடா, ஒதுக்குப்புறத்தில் தனி வீடா? முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

நகரத்தை விட்டுக் கிளம்புவது என்று முடிவாகிவிட்டால் அடுத்து வருகிற கேள்வி இதுதான். கடை, பள்ளி, மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் நடந்தே போய்வருகிற கிராமத்துக்குள் வீடு பார்ப்பதா, இல்லை சுற்றிலும் வயல், பக்கத்து வீடே கண்ணில் படாத தனி இடமாகப் பார்ப்பதா? பெரும்பாலானவர்கள் வாசலில் நின்று காட்சியைப் பார்த்ததுமே மனதுக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள். வீட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்தில் உங்கள் வீட்டில் யார் யார் எதற்கெல்லாம் வெளியே போகிறார்கள் என்று எழுதுங்கள்.

சில்லறை வேலைகளையும் விடாதீர்கள். தீர்ந்துபோன மாத்திரை, பிள்ளைக்குத் திடீரென்று வேண்டிய சார்ட் பேப்பர், முடிவெட்டு, சும்மா காலாற நடந்து நாலு பேரிடம் பேசிவிட்டு வருவது, எல்லாம் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, வண்டி இல்லாமல் அந்த வேலை நடக்குமா, நடக்காது என்றால் யார் ஓட்டுவார் என்று எழுதுங்கள். தாள் முழுக்க ஒரே பெயர் வந்தால், ஒதுக்குப்புறத்துக்குப் போனதும் அந்த ஆள் சம்பளமில்லாத டிரைவர் ஆகிவிடுவார், அவருக்குக் காய்ச்சல் வந்தால் வீடே நின்றுவிடும். இரண்டாவது வண்டி வாங்கினால் அதன் எரிபொருள், காப்பீடு, பழுதுச் செலவு எல்லாம் சேரும், ஆகவே தனி வீடு மலிவு என்கிற கணக்கை அதோடு சேர்த்துப் போடுங்கள். இன்றைக்கு ஓட்டுகிற நீங்களே பிற்பாடு கண் மங்கி ஓட்டுவதை நிறுத்த வேண்டி வரலாம்.

கிராமம்தான் என்றால், 'நடக்கிற தூரம்' என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். மேப்பில் நேர்கோடாகத் தெரியும் தூரம் வேறு, வாய்க்காலையும் வேலியையும் சுற்றிப் போகிற தூரம் வேறு. சாதாரண நடை மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர், அதாவது 800 மீட்டருக்குப் பத்து நிமிடம். அதைத் தாண்டினால் கையில் பை இருக்கும்போது மனம் தானாக வண்டிச் சாவியைத் தேடும். ஒரு முறை இருட்டிய பிறகு கனமான பையோடு கடையிலிருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். நடைபாதை பாதியில் முடிகிறதா, விளக்கு எரிகிறதா, ஊர் நடுவே போகும் சாலையில் வண்டிகள் எந்த வேகத்தில் வருகின்றன என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சாலையில் வண்டிகள் சீறிக்கொண்டு போனால், கடை இருநூறு மீட்டரில் இருந்தாலும் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டீர்கள்.

இன்னொன்று, பலர் இதைக் கேட்பதே இல்லை. அந்தக் கடைக்காரருக்கு என்ன வயது, அவருக்குப் பிறகு யார் நடத்துவார்கள்? பள்ளியில் பிள்ளைகள் கூடுகிறார்களா, குறைகிறார்களா? ஒரு கடையும் ஒரு பேருந்தும் நின்றால் போதும், ஊருக்குள் இருந்துகொண்டே எல்லாவற்றுக்கும் வண்டியை எடுக்க வேண்டி வரும்.

தனி வீடு வேறு கதை. அங்கே தண்ணீர், கழிவு, பாதை எல்லாவற்றுக்கும் நீங்களேதான் நிர்வாகம். கிணறோ போர்வெல்லோ இருந்தால் மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும், மின்சாரம் போனால் மேல்தொட்டியில் மிச்சமிருப்பதுதான் தண்ணீர். வாங்கும் முன்பே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அதிலும் சுற்றிலும் விவசாயம் நடந்தால் கிருமிகளோடு, உரத்திலிருந்து தண்ணீரில் கலக்கும் நைட்ரேட் என்கிற உப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடவே செய்யும். லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கிற வீட்டில் இதில் அசட்டை கூடாது. செப்டிக் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா, சில வருடங்களுக்கு ஒரு முறை அதில் சேரும் கழிவை எடுக்க லாரி உள்ளே வர முடியுமா என்றும் பாருங்கள். பாதை யார் பெயரில் இருக்கிறது, உங்களுக்கு வழி உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதை வக்கீலிடம் காட்டிவிடுங்கள், வாய்ச்சொல் அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர் சிக்னலை வாசலில் பார்க்காமல், மேசை போடப்போகும் அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். செயற்கைக்கோள் இணையம் ஒரு வழிதான், ஆனால் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால் ஒவ்வொரு பதிலுக்கும் அரை நொடிக்கு மேல் தாமதம் வரும். தாழ்வான சுற்றுப்பாதையில் இருப்பவற்றில் அந்தத் தொல்லை வெகு குறைவு.

அமைதிக்காக மட்டும் ஒதுக்குப்புறம் தேடுகிறவர்கள் விடியற்காலையில் ஒரு முறை போய் நில்லுங்கள். டிராக்டர், பம்புசெட், நாய், மருந்து தெளிக்கும் வாடை எல்லாம் உண்டு. ஊருக்குள்ளோ, நீங்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள் என்பது நாலு வீட்டுக்குத் தெரிந்திருக்கும். சிலருக்கு அது தொல்லை, தனியாக இருக்கும் வயதானவருக்கு அதுவே பாதுகாப்பு.

ஆடு மாடு வளர்க்க வேண்டும், சத்தம் போடும் பட்டறை வைக்க வேண்டும் என்றால் தயங்காமல் வெளியே போங்கள். பள்ளிப் பிள்ளைகளோ வயதானவர்களோ இருந்தால் என் ஓட்டு ஊருக்குள்தான். இரண்டுக்கும் ஆசைப்படுகிறவர்கள் ஊரின் கடைசித் தெருவில் தேடுங்கள், கொல்லைக்குப் பின்னால் வயல், வாசலிலிருந்து பத்து நிமிடத்தில் கடை என்று அமைந்தால் கொஞ்சம் விலை கூடினாலும் தகும். எதுவானாலும் உடனே வாங்காமல், வருடத்தின் மோசமான பருவத்தையும் உள்ளடக்கி ஆறு மாதமாவது அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகைக்கு எதுவும் கிடைக்கவில்லையா, அக்கம்பக்கத்தில் போய்க் கேளுங்கள்: போன முறை மின்சாரம் போனபோது எத்தனை மணி நேரம் கழித்து வந்தது, ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வரும், மழையில் எந்த இடத்தில் பாதை அறுந்துபோகும்.